ஆக்டோபஸை எடுப்பதா, விடுவதா: ஓர் எஸ்டேட் பட்டணப் பூங்காவின் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருபது நிமிடம் ஓட்டினால் வரும் ஒரு பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே கடைத்தெரு, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், லயத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் குடியிருக்கும் மூன்று தாமான் (வீடமைப்புப் பகுதி), ஊருக்கு வெளியே செம்பனை ஆலை. ஈயம் தோண்டி விட்ட பழைய நிலத்தில் மூன்று ஏக்கரில் ஒரு கேளிக்கைப் பூங்கா. வியாழன் முதல் ஞாயிறு வரை மாலை ஆறு மணிக்குத் திறந்து பதினொன்றுக்கு மூடும். பள்ளி விடுமுறையிலும் பெருநாள் காலத்திலும் தினமும் உண்டு. மழைக்கு மூடும் நாள்களைக் கழித்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 220 இரவு. நுழைவு இலவசம், ரைடுக்கு ஒரு டோக்கன், டோக்கன் 5 வெள்ளி (ரிங்கிட்).

இந்தப் பூங்கா ஒரு மாதிரிதான். அதன் எண்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. நடுவில் வரும் சட்டங்களும் கெந்திங், ஈப்போ, அமெரிக்கப் பூங்காக்களின் தேதிகளும் உண்மையானவை.

பூங்காவில் ஏழு ரைடு: குடை ராட்டினம், பெரிய ராட்டினம், ஊஞ்சலாக ஆடும் கப்பல், மோதும் கார், குட்டி ரயில், சுற்றும் கிண்ணம், ஆக்டோபஸ். முதலாளியின் எண்ணம் இது: ஆக்டோபஸ் பழசாகிவிட்டது, அடிக்கடி நிற்கிறது. அதை எடுத்துவிட்டுக் கப்பலுக்குப் பக்கத்தில் ஆளைத் தூக்கிக் கீழே போடும் கோபுரம் ஒன்றை வைத்தால் இளவட்டம் திரண்டு வரும். இந்த முடிவில் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்பது டோக்கன் பெட்டியைப் பார்த்தால் தெரியாது. இரவு எட்டு மணிக்கு மைதானத்தில் சும்மா நிற்பவர்களை எண்ணினால் தெரியும்.

எந்த இரவை எண்ணுவது

ஆண்டு மொத்தத்தை 220-ஆல் வகுத்துச் சராசரி எடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் முதல் பிழை. சராசரி இரவு என்று ஒன்று எஸ்டேட் பட்டணத்தில் கிடையாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்கு வந்தாக வேண்டும். அதனால் தோட்டம், ஆலை, ஒப்பந்த வேலையாள் எல்லோருக்கும் மாதத்தின் முதல் வாரத்தில் பணம் வந்துவிடும். அந்த வாரத்து வெள்ளி, சனி, ஞாயிறுதான் பூங்காவுக்கு மாதம். மூன்றாம் வாரத்தில் வரும் குடும்பம் ஐஸ்கிரீமோடு திரும்பிவிடும்.

பெரிய பூங்காக்களிலும் இதே அடிப்படைதான். உச்சக் கூட்டம் வரும் ஒரே நாளுக்காகக் கட்டினால் மற்ற நாளெல்லாம் இயந்திரம் தூங்கும். சராசரிக்காகக் கட்டினால் நல்ல நாளில் ஆள் திரும்பிப் போவார்கள். ஆகவே, கூட்டம் மிகுந்த 15, 20 நாள்களின் சராசரியை வைத்துத் திட்டமிடுவார்கள். நம் பூங்காவுக்கு அது சம்பள வாரச் சனிக்கிழமை, இரவு 8 முதல் 10 வரை. சம்பள வார இரவுகள் 36, விடுமுறை, தீபாவளி, பெருநாள் இரவுகள் 40, ஆகக் கூட்ட இரவு 76. முடிவு எடுக்க வேண்டியது இந்த 76 இரவின் இரண்டு மணி நேரத்தை வைத்து.

டோக்கன் முறையால் ஒரு வசதி உண்டு: எந்த ரைடில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று பெட்டியே சொல்லிவிடும். டிஸ்னிலாந்து 1955-இல் திறந்தபின் பல ஆண்டுகள் ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுப் புத்தகம்தான் விற்றது; 1959-இல் சேர்ந்த ஈ சீட்டு ஆகப் பெரிய ரைடுகளுக்கு. 1982-இல் அந்த முறையை விட்டு, ஒரே கட்டணத்துக்கு மாறினார்கள். ஒரே கட்டணத்துக்கு எல்லா ரைடிலும் ஏறும் கைப்பட்டை முறைக்கு மாற நினைக்கும் சிறு பூங்கா, அன்றைக்கே ஒவ்வொரு கேட்டிலும் ஆளெண்ணும் கருவி ஒன்றைக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு எந்த ரைடை எடுப்பது என்று ஊகிக்கத்தான் முடியும்.

மணிக்கு எத்தனை பேர்

ரைடின் ஏற்றுதிறனை விற்பவரின் தாளிலிருந்து எடுக்கக் கூடாது. கடிகாரத்தோடு கேட்டில் நின்று, கதவு திறந்ததிலிருந்து அடுத்த முறை திறக்கும் வரை எத்தனை வினாடி என்று பத்துச் சுற்றுக்கு எழுத வேண்டும். 3,600-ஐ அந்த வினாடியால் வகுத்து, இருக்கை எண்ணிக்கையால் பெருக்கினால் மணிக்கணக்கு வரும்.

கப்பல்: 40 இருக்கை. ஆட்டம் 120 வினாடி, நிற்க 30, இறக்கி ஏற்ற 90. மொத்தம் 240 வினாடி, மணிக்கு 15 சுற்று, 600 பேர்.

ஆக்டோபஸ்: எட்டுக் கை, கைக்கு ஒரு கூடு, கூட்டுக்கு இருவர், ஆக 16 பேர். இதன் நடு அச்சு சாய்வாக இருப்பதால் எல்லாக் கூடும் ஒரே சமயத்தில் தரைக்கு வராது. தாழ்ந்த பக்கத்தில் ஒரு கூட்டை நிறுத்தி, இறக்கி, ஏற்றி, பூட்டை இழுத்துப் பார்த்து, அடுத்ததைக் கொண்டுவர வேண்டும். கூட்டுக்கு 25 வினாடி என்றால் ஏற்றவே 200 வினாடி, ஆட்டம் 120. மணிக்கு 11 சுற்றுக்கு மேல் கொஞ்சம், 180 பேர். சுற்றுவதைவிட ஏற்றுவதற்கே அதிக நேரம் பிடிக்கும் இயந்திரம் இது. எவ்வளவு பழுது பார்த்தாலும் இந்தக் குணம் மாறாது.

மற்றவை: குடை ராட்டினம் 288, பெரிய ராட்டினம் 384, மோதும் கார் 252, குட்டி ரயில் 216, சுற்றும் கிண்ணம் 360. ஏழும் சேர்த்து 2,280. ஆனால் இருக்கை எல்லாம் நிரம்புவதில்லை. நான்கு பேர் கூட்டில் அப்பா, அம்மா, பிள்ளை மூவர்தான் உட்காருவார்கள். தெரியாத ஆளை அதில் திணிக்க முடியாது. 60 விழுக்காடு என்று வைத்தால் மணிக்கு 1,368.

சம்பளச் சனிக்கிழமை எட்டு மணிக்கு உள்ளே 900 பேர் என்று வைப்போம். ஆளுக்கு மணிக்கு ஒன்றரை ரைடு என்று தொழிலில் புழங்கும் கைக்கணக்கைப் போட்டால் தேவை 1,350. இருப்பது 1,368. சரியாக இருக்கிறது என்று தாளை மூடிவிடத் தோன்றும். மூடக் கூடாது.

நிற்பவர்கள் யார்

கப்பலின் கேட்டில் உயரக்கோல் இருக்கிறது. ஒரு குடும்பம் வருகிறது: தாத்தா, பாட்டி, அம்மா, மூன்று பிள்ளைகள். மூத்தவன் கோலைத் தாண்டுகிறான். நடுவில் உள்ளவள் குதிகாலைத் தூக்கிப் பார்க்கிறாள். "தங்கச்சிக்கு உயரம் பத்தலம்மா, அடுத்த வருசம் வாங்க" என்கிறான் கேட்டில் நிற்கும் பையன். அம்மா டோக்கனை மறுபடி மணிபர்சில் போடுகிறார். மூத்தவன் மட்டும் ஏறுகிறான். மற்ற ஐந்து பேரும் வேலியோரம் நிற்கிறார்கள். கேட்டில் எழுதும் கணக்கில் ஒருவர் ஏறியது மட்டும் பதிவாகும். ஐந்து பேர் ஏறாமல் நின்றது எங்கும் பதிவாகாது. அதைத்தான் எண்ண வேண்டும்.

எண்ணும் முறை சுலபம். எட்டு மணி, எட்டரை, ஒன்பது, ஒன்பதரை என்று நான்கு முறை மைதானத்தைச் சுற்றி வந்து, வரிசையில் நிற்பவர், ரைடில் இருப்பவர், சாப்பாட்டுக் கடையில் இருப்பவர், எதிலும் சேராதவர் என நான்கு கோடு போட வேண்டும். மூன்று சம்பள வாரம் செய்தால் போதும்.

நம் மாதிரியில் 900 பேரில் 120 பேர் இளைஞர் கூட்டம்: மோட்டாரில் வரும் பையன்கள், கல்லூரிப் பிள்ளைகள், தோட்டத்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மீதி 780 பேர் குடும்பம். இளைஞருக்கு மணிக்கு 180 ரைடு தேவை. கப்பல் ஒன்றே 360 பேரை ஏற்றும். குடும்பத்துக்கு 1,170 தேவை. கப்பலையும் ஆக்டோபஸையும் கழித்தால் மீதி ஐந்தும் ஏற்றுவது 900. பற்றாக்குறை 270.

முதலாளி வைக்க நினைத்த கோபுரம், வயிறு நிறைந்தவனுக்கு மேலும் ஒரு இலை போடுவதுதான். காசு இருப்பது அம்மாவின் மணிபர்சில். அந்த அம்மா வேலியோரம் நிற்கிறார்.

இங்கே ஒரு படி இருக்கிறது, பலரும் தாண்டிவிடுவார்கள். புது இயந்திரத்துக்கு முன்னால், செலவில்லாமல் எவ்வளவு கூட்டலாம் என்று பார்க்க வேண்டும். குட்டி ரயில் மூன்று சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று ஓடினால் ஐந்து நிமிடம் நான்காகும். மணிக்கு 54 இருக்கை கூடும். மோதும் காரில் இறங்கும் வாசலும் ஏறும் வாசலும் ஒன்றாக இருந்தால், இரண்டு நிமிட மாற்றத்தில் பாதி அங்கேயே வீண். பெரிய ராட்டினத்தில் அடுத்தடுத்த கூடுகளை நிரப்பினால் ஒரு பக்கம் கனத்து மோட்டார் திணறும். 1, 9, 5, 13 என்று எதிரெதிராக ஏற்ற வேண்டும். அனுபவமில்லாத ஆள் இதில் கோட்டை விட்டால், நிறுத்தும் இடம் தப்பி, மறுபடி ஒரு சுற்று சுற்றவேண்டி வரும். இதையெல்லாம் சரிசெய்தால் 270-இல் நாற்பது, ஐம்பது குறையும். மீதிக்குத்தான் காசு.

ஆக்டோபஸ் ஏன் நிற்கிறது

அடிக்கடி நிற்கிறது என்பதால் ஒரு ரைடைத் தள்ளிவிடக் கூடாது. நின்ற நேரத்தையும் காரணத்தையும் பதிவேட்டிலிருந்து எடுத்து மணிவாரியாக அடுக்க வேண்டும். நம் மாதிரிப் பூங்காவில் வெளிவரும் படம் இப்படி என்று வைப்போம்: நிறுத்தங்களில் பெரும்பகுதி எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவே. இயந்திரம் கெட்டுப்போனால் அது மணி பார்த்தா கெடும்? ஆகவே முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரம்.

கப்பலின் 30 கிலோவாட் மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது, ஓடும் மின்னோட்டத்தைப்போல ஆறு ஏழு மடங்கு இழுக்கும். ஜெனரேட்டரில் ஓடும் பூங்காவில் அந்த நொடி 400 வோல்ட் 350-க்கு இறங்கும். ஆக்டோபஸ் பெட்டியில் குறைமின்னழுத்த ரிலே 360-இல் வைத்திருந்தால் அது தன் வேலையைச் சரியாகச் செய்து ரைடை நிறுத்திவிடும். ரிலேயின் அளவை இறக்கிவிடும் வயர்மேன் உண்டு; அது மோட்டாரைச் சுட்டுத் தீய்த்துவிடும். சரியான வழி, கப்பலுக்கு மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர், அல்லது இரண்டும் ஒரே சமயத்தில் கிளம்பாதபடி ஒரு பூட்டு. இதைச் செய்து ஒரு மாதம் பார்த்த பிறகும் நிற்கும் நிறுத்தங்கள்தான் ஆக்டோபஸின் சொந்த நோய்.

அந்த நோய் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, கை நடுத்தண்டோடு சேரும் இடத்தில் உள்ள முள், அதாவது இணைப்பு ஆணி. ஆண்டுக்கு ஒரு முறை முள்ளைக் கழற்றி, கிரீஸையும் பெயின்ட்டையும் சுத்தமாக எடுத்து, வெள்ளைப் பூச்சு ஒரு மெல்லிய படலமாக அடித்து, காந்த நுகத்தை வைத்து, இரும்புத்துகள் கலந்த கருப்பு மையைத் தெளிப்பார்கள். நல்ல முள்ளில் மை வழிந்து போய்விடும். வெடிப்பு இருந்தால், முள்ளின் பருத்த பகுதி மெலிந்த பகுதியாக மாறும் வளைவில், மை ஒரு மயிரிழையாகத் திரண்டு நிற்கும். கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத வெடிப்பு அது. அதைக் கண்டால் அன்றைக்கே ரைடுக்குப் பூட்டு. மாற்று முள் வரும்வரை பேச்சில்லை.

மாற்று முள்தான் எஸ்டேட் பட்டணத்தில் சிக்கல். செம்பனை ஆலை இருப்பதால் நல்ல லேத் பட்டறைக்குக் குறைவில்லை. ஆலையின் கன்வேயர் தண்டு கடைகிறவர் இந்த முள்ளையும் அரை நாளில் கடைந்து கொடுத்துவிடுவார், அளவும் அச்சு அசலாக இருக்கும். ஆனால் கன்வேயர் தண்டுக்குப் போடும் ஈ.என்.8 எஃகு வேறு, களைப்பு (பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் எஃகுக்கு வரும் சோர்வு) தாங்கும்படி சூடேற்றிப் பதப்படுத்திய ஈ.என்.24 வேறு. கடைந்து முடித்தபின் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். எஃகுக்குச் சோதனைச் சான்றிதழ், பதப்படுத்தியதற்கு ஒரு தாள், வளைவின் ஆரம் வரைபடத்தில் உள்ளபடி என்ற மூன்றும் இல்லாத முள்ளை மாட்டக் கூடாது. செய்த கம்பெனியே மூடிப்போய், வரைபடமும் இல்லையென்றால், அந்த ரைடின் வயதைத் தீர்மானிப்பது அந்த முள்தான்.

இரண்டாவது, கையின் உள்பக்கத் துரு. உருக்கு ரைடுகளின் முதன்மைக் கட்டுமானத்தைக் குறைந்தது 35,000 ஓட்ட மணி நேரம் தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது, கேளிக்கை ரைடுகளுக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப்2291 என்ற அமெரிக்கத் தரம். ஆண்டுக்கு 220 இரவு, ஐந்து மணி நேரம் என்றால் 1,100 மணி. முப்பது ஆண்டுக்கு மேல் வருகிறது. இந்தக் கணக்கைப் பார்த்து நிம்மதி அடைவது ஆபத்து. ஓட்ட மணி ஓடும்போதுதான் ஏறும், துரு தூங்கும்போதும் ஏறும். தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் தைப்பிங் இருக்கும் மாநிலம் இது. பெட்டி வடிவக் கையின் வடிகால் துளை பெயின்ட்டால் அடைபட்டால், நீர் உள்ளேயே தங்கும். வெளியே பெயின்ட் புதுசாக மின்னும். 2017 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் ஃபயர்பால் என்ற ரைடின் கை ஓட்டத்திலேயே உடைந்து ஒருவர் இறந்தார். அது 18 ஆண்டு பழைய இயந்திரம்; உள்பக்கத் துரு கையின் உருக்குச் சுவரை மெலிய வைத்திருந்ததாகத் தயாரித்த நிறுவனமே சொன்னது.

மீயொலி தடிமன் மானியால் கையின் அடிப்பக்கத்தில் சாண் இடைவெளியில் அளக்க வேண்டும், முக்கியமாக நீர் தங்கும் தாழ்ந்த முனையில். வரைபடத்தில் 6 மில்லிமீட்டர், மானியில் 4.8 என்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதற்குமேல் ஓட்டலாமா என்று சொல்லவேண்டியவர் தயாரித்தவர். அவர் இல்லையென்றால் கணக்குப் போட்டுக் கையெழுத்திடத் துணியும் பதிவு பெற்ற பொறியாளர். கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை என்றால் அதுவே பதில்.

டோக்கன் பெட்டி சொல்லும் பொய்

ஆக்டோபஸின் பெட்டியை எண்ணினால் நல்ல வருமானம் போலத் தெரியும். கூட்ட இரவு 76, இரண்டு மணி நேரம், மணிக்கு 108 பேர், 5 வெள்ளி: 82,080. சாதாரண இரவு 144, இரவுக்கு 40 பேர்: 28,800. மொத்தம் 1,10,880 வெள்ளி. இதை எடுப்பதா என்று முதலாளிக்கு மனசு வராது.

கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஆக்டோபஸ் இல்லையென்றால் அந்தக் காசு எங்கே போகும்? அதில் ஏறுகிற பையன் அதே டோக்கனோடு நாற்பது அடி நடந்து கப்பலில் ஏறுவான். கப்பலில் இடம் இருக்கிறது. நான்கில் மூன்று பங்கு இப்படிப் பூங்காவுக்குள்ளேயே தங்கும் என்று வைத்தால், ஆக்டோபஸ் உண்மையில் கொண்டுவருவது 27,720. சோதனை, முள், பேரிங், கியர் எண்ணெய் என்று ஆண்டுக்கு 30,000 போகும். ஆள் சம்பளம் அதற்குமேல்; 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. இந்த ரைடு நஷ்டத்தில் ஓடுகிறது, பெட்டி நிறைந்திருந்தும்.

இதே கேள்வியைப் புதிதாக வருவதற்கும் கேட்க வேண்டும். டிராகன் ரயில் என்று சந்தையில் பழகிய சிறு ரோலர் கோஸ்டர்: 20 இருக்கை, இரண்டு சுற்றுக்கு 90 வினாடி, ஏற்றி இறக்க 90. மணிக்கு 400 இருக்கை, 60 விழுக்காட்டில் 240 பேர். சிறு பிள்ளை பெரியவர் துணையோடு ஏறலாம், பாட்டியும் ஏறலாம். குடும்பப் பற்றாக்குறையை ஏறக்குறைய இதுவே அடைக்கும்.

கூட்ட இரவுகளில் 76 × 2 × 240 × 5 = 1,82,400. அது வரிசையில் இடமில்லாமல் செலவாகாத காசு என்பதால் 60 விழுக்காடு புதிது என்று எடுக்கலாம்: 1,09,440. சாதாரண இரவில் 150 பேர் வீதம் 1,08,000. அன்றைக்கு மற்ற ரைடே காலியாக இருப்பதால் 20 விழுக்காடுதான் புதிது: 21,600. ஆள், ஆக்டோபஸில் நின்றவர்களே. மின்சாரம், சோதனை, உதிரி, காப்புறுதிக்கு 27,000 கழித்தால் ஆண்டுக்கு 1,04,040 நிற்கும். அடித்தளம், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து 4,20,000 வெள்ளி ஆனால் நான்கு ஆண்டில் காசு திரும்பும். கேளிக்கை வரியை இதில் சேர்க்கவில்லை. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணத்தின்மேல் 25 விழுக்காடு வரை போக இடம் கொடுக்கிறது. சலுகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாமல் டோக்கன் விலை வைத்தால் நான்கு ஆண்டு ஆறாகிவிடும்.

முதலாண்டு எண்ணை எல்லா ஆண்டுக்கும் நீட்டுவது இன்னொரு பொறி. புது ரைடின் கவர்ச்சி இரண்டாம் ஆண்டிலேயே இறங்கும். அதனால்தான் பெரிய பூங்காக்கள் வருமானத்தில் 5 முதல் 10 விழுக்காட்டை மறுமுதலீட்டுக்கு ஒதுக்கி, சில ஆண்டுக்கு ஒன்றாகப் புதிது இறக்குகின்றன.

எடுத்துவிட்டுக் காத்திருப்பது

பழசை எப்போது நிறுத்துவது? புதிது கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிய பிறகு. இதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் உண்டு. கெந்திங் மலை உல்லாசத்தலத்தின் வெளிப்புறப் பூங்கா, ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெயரில் புதுப்பூங்கா கட்டுவதற்காக 2013 செப்டம்பர் 1-இல் மூடப்பட்டது. இடையில் ஒப்பந்தத் தகராறு, 2018-இல் வழக்கு, 2019-இல் சமரசம், பிறகு கோவிட். ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் திறந்தது 2022 பிப்ரவரி 8-இல். எட்டு ஆண்டுக்கு மேல் அந்த வெளிப்புறம் காலி. மலைமேல் ஹோட்டலும் சூதாட்ட விடுதியும் இருந்ததால் தாங்கினார்கள். எஸ்டேட் பட்டணத்துப் பூங்கா எட்டு மாதம் தாங்காது.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் அருகிலேயே இருக்கிறது. ஈப்போவில் 2017 ஜூனில் திறந்த மேப்ஸ் அனிமேஷன் பூங்கா 2020 ஜனவரியில் மூடப்பட்டது. எல்லா ரைடையும் ஒரே நாளில் புதிதாக இறக்கி, வெளியூர்க் கூட்டம் ஆண்டு முழுக்க வரும் என்று நம்பும் பூங்காவுக்கு உள்ளூர்க் குடும்பத்தின் மாதாந்திர வருகை என்ற அடிமட்டம் இருப்பதில்லை.

டிராகனை இறக்குவது

தீபாவளிக்கு முன்னால் திறக்க வேண்டும் என்றால் பின்னாலிருந்து எண்ணவேண்டும். செய்து முடிக்க நான்கு முதல் ஆறு மாதம். கடல்வழி வந்து சேர்வது, சுங்கம், பொருத்துதல், சோதனை இரண்டு மாதம். சீனத் தொழிற்சாலைகள் சீனப் புத்தாண்டை ஒட்டி வாரக்கணக்கில் மூடிவிடும்; அதற்குமுன் முன்பணம் போகவில்லை என்றால் ஒரு மாதம் போனதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்டரில் எந்தத் தரத்தின்படி செய்தது என்று எழுத்தில் வாங்க வேண்டும்: ஐரோப்பாவின் இ.என்.13814, ஏ.எஸ்.டி.எம். எஃப்2291, அல்லது சீனாவின் ஜி.பி.8408. கூடவே உதிரிபாகப் பட்டியல், முள் வரைபடம், எஃகின் தரம். ஆக்டோபஸுக்கு இல்லாமல் போனது இதுதான். சக்கர உறை, பூட்டு, பிரேக் லைனிங் ஆகியவற்றில் இரண்டு செட் அதே கண்டெய்னரிலேயே வரட்டும். தனியாக வரவழைத்தால் பொருளின் விலையைவிட விமானக்கூலி அதிகம்.

ஆக்டோபஸ் இருந்த மேடையில் டிராகனை வைக்கலாமா? வைக்க முடியாது. ஆக்டோபஸின் பாரம் நடுவில் ஒரே இடத்தில் இறங்கும். டிராகனின் பாரம் இருபது முப்பது கால்களில், ரயில் ஓட ஓட இடம் மாறி இறங்கும். ஈயம் எடுத்த நிலத்தில் மேலே மணல், பத்தடிக்குக் கீழே சேறு என்று இருக்கும். மண்ணின் உறுதியை அளக்கும் மெக்கிந்தோஷ் புரோப் என்ற கம்பியை வைத்துக் கால் விழும் இடங்களில் குத்திப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் பத்து மில்லிமீட்டர் அமிழ்ந்தாலும் தண்டவாள இணைப்பில் படி விழுந்து, சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அதில் இடிக்கும். முதலில் சத்தம், பிறகு தளர்ந்த போல்ட், பிறகு வெடிப்பு.

அனுமதிக்கு நகராட்சி மன்றத்தின் கேளிக்கை உரிமம், பொறியாளரின் கையெழுத்து, பொம்பா (தீயணைப்புத் துறை) என்று தனித்தனிக் கதவு. 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1-இல் நீக்கப்பட்டு, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. அந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வேலையாள் அல்லாத பொதுமக்களின் பாதுகாப்பையும் முதலாளியின் தலையில் வைக்கிறது. பழைய சட்டத்தின் பெயரில் தாள் அடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு இன்னும் இருக்கிறார். அவரை அங்கேயே நிறுத்தி, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜே.கே.கே.பி. அலுவலகத்தில் நேரில் கேட்பது உத்தமம்.

சோதனை ஓட்டம் முதலில் காலியாக, பிறகு இருக்கைக்கு 75 கிலோ மணல் மூட்டையோடு முழுப் பாரத்தில், பிறகு ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏற்றி. ஒவ்வொன்றிலும் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தி, நின்ற தூரத்தை எழுத வேண்டும். மழை நனைத்த தண்டவாளத்திலும் ஒரு முறை செய்யாமல் திறக்கக் கூடாது. மாலையில் இடி கேட்டால் நிறுத்தி, கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஓட்டம். இந்த அரை மணி நேரத்தை நான்காண்டுக் கணக்கில் முன்பே கழித்துவைப்பது நல்லது.

ஆக்டோபஸை அனுப்புவது

நிறுத்தப் போவதை முன்கூட்டிச் சொல்வதா? அமெரிக்காவில் இரண்டும் நடந்திருக்கிறது. கிங்ஸ் ஐலண்டின் வோர்டெக்ஸ், 1987-இல் வந்தது, 2019-இல் முன்னறிவிப்போடு விடைபெற்றது. கடைசி நாள்களில் ஏறுவதற்கென்றே ஆள் வந்தார்கள். சிக்ஸ் ஃப்ளாக்ஸின் கிங்டா கா, 139 மீட்டர் உயரம், 2005-இல் திறந்தது. 2024 நவம்பரில் கடைசி ஓட்டம் முடிந்த பிறகுதான் அது போகிறது என்றே அறிவித்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். 2025 பிப்ரவரி 28-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். முள்ளும் சுவரும் நன்றாக இருந்து, கணக்குக்காக மட்டும் எடுக்கும் ரைடுக்குக் கடைசி மாதம் என்று பலகை வைக்கலாம். வெடிப்பு கண்ட ரைடுக்குக் கடைசி வாரம் என்று ஒன்று கிடையாது.

பிரிக்கும்போது, கைகளை எதிரெதிராகக் கழற்ற வேண்டும். ஒரு பக்கமாகக் கழற்றினால் நடுத்தண்டு சாயும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம், காற்றடித்து ஊதக் கூடாது. கேபிளை முதல் நாளே சுருட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். செம்புக்கு ஊரில் கண் அதிகம்.

விற்பது பற்றி ஒரு வார்த்தை. ஊர் ஊராகப் போகும் பன்ஃபேர்க்காரர் நல்ல விலை சொல்வார். தடிமன் குறைந்த கைகளோடு அதை விற்றால், மூன்று மாதத்தில் அடுத்த பட்டணத்துக் கோயில் திருவிழாவில் புதுப் பெயின்ட்டோடு நிற்கும். அங்கே ஏறுவதும் நம் பிள்ளைகள்தான். பழைய இரும்பு விலைக்கே போனாலும் போகட்டும்: லோரி ஏறும் முன் எட்டுக் கையையும் கேஸ் டார்ச்சால் நடுவில் அறுத்துவிட வேண்டும், முட்களையும் சேர்த்து. மோட்டார், கியர் பெட்டி, விளக்குகளை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

காலியான மேடைக்கு அடுத்த ரைடைத் தேடி ஓட வேண்டியதில்லை. கூரை ஒன்று, நாற்காலி அறுபது, ஒரு தே தாரிக் கடை போதும். பெரியவர் உட்கார இடம் கிடைத்த குடும்பம் மைதானத்தில் கூடுதலாக அரை மணி நிற்கும். அந்த அரை மணியில் பிள்ளை ஒன்றிரண்டு டோக்கனாவது கேட்கும்.

டிராகன் ஓடத் தொடங்கியபின், மூன்று சம்பள வாரச் சனிக்கிழமைகளில் அதே நான்கு கோட்டுக் கணக்கை மறுபடி எடுக்க வேண்டும். எதிலும் சேராதவர் எண்ணிக்கை குறையாமல், டிராகன் வரிசை மட்டும் இருபது நிமிடத்தைத் தாண்டினால், ஏற்றும் நேரம் 90 வினாடியைத் தாண்டுகிறது என்று பொருள். பூட்டைச் சரிபார்க்க ஒருவருக்குப் பதில் இருவரை, ரயிலுக்கு ஒரு பக்கம் ஒருவராக நிறுத்திப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே இரண்டாவது ரயிலுக்கு விலை கேட்கலாம்.